எங்கள் வாப்பாவை அப்பாவாக்குவது யார்?

எனது கலையகம் வீட்டின் பின்னறை. உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து, சுவரில் இரண்டு கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவே ஒலிவாங்கியை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் உறங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையில் குரல் பதிவு செய்கிறேன். கொழும்புக்கு அலையாமல் நாலு காசு கிடைக்கிறது. ஆனால், இந்த அறையில் நான் செய்துவரும் ஒரு காரியம் பற்றி எழுத்தாளர்களாகிய உங்களிடம் முறையிட வேண்டியிருக்கிறது.

அண்மையில் டெங்கு ஒழிப்பு விளம்பரமொன்று வந்தது. படத்தில் முக்காடிட்ட தாய் மகனுடன் பேசுகிறாள். பிரதியில், 'அப்பா வந்ததும் தண்ணித் தொட்டியக் கழுவச் சொல்லு' என்றிருந்தது. நான் 'வாப்பா' என்று வாசித்து அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: 'பொதுத் தமிழில் தாருங்கள்.' திருத்திக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து வேறோரிடத்திலிருந்து நகைச்சுவைத் தொடரொன்றுக்கு அழைத்தார்கள். முதலாளியின் மனைவி பாத்திரம். 'உங்கட பாஷையிலேயே பேசுங்க, சனம் சிரிக்கும்' என்றார்கள்.

ஆக, தாயாகப் பேசினால் எங்கள் பேச்சு கூடாது. கோமாளியாகப் பேசினால் கூடும்.

இது இன்று தொடங்கியதல்ல. எஸ். ராம்தாஸின் மரைக்கார் பாத்திரம் வானொலியில் புகழ்பெற்று, 1976 இல் 'கோமாளிகள்' திரைப்படத்திலும் வந்தது. அவர் தேர்ந்த கலைஞர். எங்கள் வீடுகளிலும் அவரை விரும்பிக் கேட்டார்கள். மறுபுறம், பி.எச். அப்துல் ஹமீத் தமது உச்சரிப்புக்காகக் கடல்கடந்தும் மதிக்கப்பட்டார். இருவர் மீதும் எனக்குக் குறையில்லை. எம்மவரின் குரல் ஏற்கப்பட்டது, எமது வீட்டுப் பேச்சு மட்டும் சிரிப்புக்கென ஒதுக்கப்பட்டது என்பதே எனது குற்றச்சாட்டு. அந்தப் பேச்சில் அழவும் கோபிக்கவும் தாலாட்டவும் எங்களுக்குத் தெரியும் என்பதை ஒலிவாங்கி அறியவேயில்லை.

எல்லோருக்கும் விளங்க வேண்டாமா என்று கேட்பார்கள். செய்தி வாசிக்கப் பொதுத் தமிழ் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். குசினியில் மகனுடன் பேசும் தாய்க்கு எதற்கு? சென்னைத் திரைப்படங்களின் பேச்சை இலங்கையில் யாரும் பொதுத் தமிழாக்கித் தரக் கேட்டதில்லை. அது விளங்குகிறவர்களுக்கு 'வாப்பா' விளங்காதா?

1960களில் பேச்சுவழக்கை எழுத்தில் கொண்டுவந்தவர்களை 'இழிசனர் இலக்கியம்' படைப்பதாகப் பழித்தார்கள். எழுத்தாளர்கள் பின்வாங்கவில்லை. அதனால்தான் இன்று கிழக்கிலங்கைக் கதையில் 'இரிக்கி' என்றும், தென்னிலங்கைக் கதையில் 'ஈக்கி' என்றும் தயக்கமின்றி எழுத முடிகிறது. ஆனால், தாளில் பெற்ற உரிமையைக் காற்றில் கேட்க நாம் மறந்துவிட்டோம். வானொலிப் பிரதி எழுதுவது இலக்கியமல்ல என்று நீங்கள் ஒதுங்கினீர்கள். அந்த இடத்தில் சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த பிரதிகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

இப்போது இன்னோர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. கணினிக்குப் பேசப் பழக்குவதும் பதிவான குரல்களைக் கொண்டுதான். நாங்கள் திருத்திக் கொடுத்த 'அப்பா'க்களை மட்டும் கேட்டு வளரும் இயந்திரம், எங்கள் பேரப்பிள்ளைகளுடன் எந்தத் தமிழில் பேசும்?

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அந்தச் சொல்லை மாற்றியது எனது நாக்கு. அதற்குக் கூலியும் வாங்கினேன். இனி மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கூலியை இழப்பது எனக்கு இலேசானதல்ல. நான் மறுத்தால் வேறொருத்தியை அழைப்பார்கள் என்பதும் தெரியும். அவளுக்கு வரும் பிரதியிலேயே 'வாப்பா' என்று எழுதியிருக்க வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.