தீட்சிதர் வீட்டில் சீடர்களுக்கும் இடம் வேண்டும்

முத்துசாமி தீட்சிதரின் 250ஆம் பிறந்த ஆண்டையொட்டி இசை உலகின் பார்வை மறுபடியும் திருவாரூர்மேல் திரும்பியிருக்கிறது. தியாகராஜர், சியாமா சாஸ்திரி, தீட்சிதர் மூவரும் பிறந்த ஊர் அது. மூவரின் வீடுகளும் இன்று நினைவில்லங்கள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் ஊருக்குப் போகிற மும்பை வட்டாரத் தமிழர்கள், கோயிலில் தியாகேசரைத் தரிசித்த கையோடு அந்த வீடுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால், மேதை ஒருவரின் வீட்டில் அவர் ஒருவரை மட்டும் நினைத்தால் போதுமா?

தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தார். அதன்பிறகு அவருடைய பாட்டைச் சுமந்தவை சீடர்களின் குரலும் விரல்களும். அந்தச் சீடர்கள் யார்? திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன், அதே ஊரின் நாட்டியக் கலைஞர் கமலம், பரதத்துக்கு இன்றைய கச்சேரி வடிவத்தை வகுத்துக் கொடுத்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. தம்பியப்பனின் வயிற்றுவலி தீரவே தீட்சிதர் குரு பகவான்மேல் பாடினார், நவக்கிரக கிருதிகள் பிறந்த கதை அதுதான் என்கிறது மரபு. மத்தளக்காரரின் வலிக்காக ஒரு மாபெரும் கிருதி வரிசை தொடங்கியது என்று சொல்லும் மரபை, நினைவில்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்க வேண்டாமா?

திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்தைப் பாருங்கள். பெரிய வெண்கலக் குடம். ஐந்து வாய்கள், ஐந்திலும் தோல். நடுமுகம் பெரியது, சுற்றிலும் நான்கு. கையால் தட்டும்போது முகத்துக்கு முகம் நாதம் மாறும். கோயில் வழிபாட்டோடு அதை வாசித்து வந்தது தம்பியப்பன் வழிவந்த மரபு. தீட்சிதரின் காதில் நாளும் விழுந்த ஊரின் ஓசை அது. அதைச் சொல்லாமல் தீட்சிதரைச் சொல்ல முடியாது.

ஏட்டிலும் இதே கதைதான். தீட்சிதரின் கிருதிகள் இன்று நம்பகமாகக் கிடைப்பதற்குப் பெருங்காரணம், 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. எழுதியவர் தீட்சிதர் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர். எழுதச் சொல்லி விடாமல் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். அச்சேற்றியது எட்டயபுரம் சமஸ்தானம். கோயில் இசைக்காரர், நாட்டியக் கலைஞர், கிறிஸ்தவ அறிஞர், ஜமீன்தார் எல்லோரும் சேர்ந்து காத்த சொத்தை ஒரு குலத்தின் பெருமையாகச் சுருக்குவது அநியாயம்.

இதை உல்லாஸ்நகரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி இந்த ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. இது பிரிவினையில் சிந்து மண்ணை இழந்து வந்தவர்கள் கட்டிய நகரம். சிந்திகள் உயிராய்ப் போற்றும் பாடகர் பகத் கன்வர் ராம் பிறந்த சிற்றூர் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய் விளக்கேற்ற அவர்களால் முடியாது. ஆனாலும் பாடிப் பாடியே அவரைத் தங்களோடு வைத்திருக்கிறார்கள். வீடு கையில் இருந்தும் பாட்டை விட்டுவிட்டால், அவர்களுக்கு முன்னால் நமக்கு என்ன மரியாதை?

ஆகவே நாம் கேட்பது இவை: திருவாரூர் நினைவில்லத்தில் தம்பியப்பன், கமலம், தஞ்சை நால்வர் பெயர்கள் தீட்சிதரின் பெயரோடு பொறிக்கப்பட வேண்டும். ஜெயந்தி நாளில் மட்டும் கதவு திறந்தால் போதாது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கட்டணமின்றி ஆண்டு முழுக்கப் பாடம் நடக்க வேண்டும். ‘பிரதர்சினி’யின் தமிழ்ப் பதிப்பு அங்கே படிக்கக் கிடைக்க வேண்டும். மும்பையிலிருந்து நன்கொடை அனுப்புகிறவர்கள், பணத்தோடு இந்தக் கோரிக்கைகளையும் அனுப்புங்கள்.

நம் பங்கும் இங்கேயே உண்டு. காசியில் சில ஆண்டுகள் இருந்து இந்துஸ்தானி இசையை உள்வாங்கியவர் தீட்சிதர். அக்கம்பக்கத்தில் ஜெய்ஜெயவந்தி ராகம் கேட்டு வளரும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு, அதை ஒத்த அவருடைய துவிஜாவந்தி அந்நியமாக இருக்காது. மேற்கத்திய மெட்டில் அவர் அமைத்த நோட்டுஸ்வரங்களைச் சின்னக் குழந்தைகூடப் பாடிவிடும். அவற்றிலிருந்து தொடங்குவோம். தாராவியின் ஒற்றை அறை வீடுகளிலும் உல்லாஸ்நகர் கேம்ப் குடியிருப்புகளிலும் உள்ள பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் பாட்டு தெரிந்தவர்கள் முன்வர வேண்டும்.