மண்டபக் கதவைப் பகலிலும் திறக்கணும்



இது திருவிழா அறிவிப்பு இல்லை. நன்கொடை கேட்டும் எழுதல. ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பொதுக்கூட்டத்துக்கு வரும் முன்னாடி இதைப் படிச்சிட்டு வாங்கன்னு கேட்டுக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க. நிர்வாகத்தின் சார்பில் எழுதுறதும் இல்லை. மண்டபத்தையும் சமையல்கட்டையும் பார்த்துக்கிற தொண்டர்கள் நாங்க பேசி முடிவு பண்ணி எழுதுறது.

வேலை நாள்ல பகல் 12 மணிக்கு நம்ம ஆலயத்துக்கு வந்திருக்கீங்களா? நடை சாத்துற நேரம். குருக்கள் ஐயா சாவிக்கொத்தோட வெளியே வருவார். செருப்பு ரேக் பக்கத்து நிழல்ல வரிசையா பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்க. நீல பினஃபோர், நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியோட மாலை வேளைப் பிள்ளைங்க. பள்ளி ஒரு மணிக்குத்தான். ஆனா வேன்காரர் மூணு டிரிப் அடிச்சாகணும், அதனால முதல் டிரிப் பிள்ளைகளை 11.30க்கே இறக்கி விட்டுடுறார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஒரு மணிக்கு அந்தச் சடக்குல வேன் நுழையவே முடியாதுன்னு நமக்கே தெரியும்.

பள்ளிக்குள்ளே போய் உட்காரலாமேன்னு கேட்டா, உள்ளே இடம் இல்லை. காலை வேளைப் பிள்ளைங்க இன்னும் வகுப்புல இருக்காங்க, சிற்றுண்டிச்சாலையில பாதியைத் தடுத்து வகுப்பாக்கியாச்சு, நூலகம் எப்பவோ வகுப்பாயிடுச்சு. சபை கூடுற திடல்ல ஒரு ஓரத்துல கேபின் வகுப்பு நிக்குது. சில வகுப்புல நாற்பதுக்கு மேல பிள்ளைங்க. ஆசிரியருங்க பின் வரிசைக்குப் போகணும்னா பையைத் தாண்டித் தாண்டித்தான் போகணுமாம். அவங்களைக் குறை சொல்ல நாங்க எழுதல. அந்த நெருக்கடியிலும் அவங்க செய்யுறதைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடத்தான் தோணுது.

போன மாசம் ஒரு நாள் பெரிய மழை. செருப்பு ரேக் கூரைக்குக் கீழே இருபது பிள்ளைங்களுக்கு மேல ஒண்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பொண்ணு, இரண்டாம் ஆண்டு இருக்கும், பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கு. புத்தகம் நனையுமேன்னு கேட்டோம். "பரவாயில்ல அங்கள், யூனிஃபார்ம் நனைஞ்சாதான் குளிரும்"னு சொல்லுச்சு. அந்தப் பிள்ளை நின்ன இடத்துல இருந்து பத்தடி தூரத்துல நம்ம மண்டபம். 400 நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருக்கு. கதவுல பூட்டு. அன்னைக்கு எங்களில் யாருக்கும் அந்தப் பூட்டைத் திறக்கணும்னு தோணல. ராத்திரி வாட்ஸ்அப் குழுவுல பேசும்போதுதான் ஒருத்தர் கேட்டார், ஒருத்தருக்கும் பதில் வரல.

இந்த நெருக்கடி எப்படி வந்ததுன்னு பெரியவங்களுக்குத் தெரியும், புதுசா குடிவந்தவங்களுக்காகச் சொல்றோம். பூச்சோங்ன்னா ஒரு காலத்துல பால்மரக்காடும் ஈயக்குட்டையும்தான். தோட்டத்துல பத்துப் பிள்ளைகளுக்கு மேல இருந்தா துரைமார் பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனாலதான் நாடு முழுக்க லயம், ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம்னு எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. இங்கேயும் அப்படித்தான். சாமிக்கும் வாத்தியாருக்கும் நடுவுல ஒரு வேலிதான்.

அப்புறம் தோட்டத்தை வித்தாங்க, லயத்தை உடைச்சாங்க. 1996இல் ஐ.ஓ.ஐ. மால் வந்தது, 1999இல் எல்.டி.பி. நெடுஞ்சாலை திறந்தாங்க. லயத்துச் சனம் அங்கங்கே பிளாட்டுக்குச் சிதறிப் போனதுல பள்ளியில பிள்ளை குறைஞ்சுபோச்சு. எங்களில் மூத்தவங்க அந்தக் காலத்துல வீடு வீடா போய், "ஒன்னாம் ஆண்டுக்கு நம்ம பள்ளிக்கே அனுப்புங்கம்மா, இல்லேன்னா மூடிடுவாங்க"ன்னு கெஞ்சியிருக்காங்க. ஒருத்தர் சொந்த வேன்ல காசு வாங்காம பிள்ளைகளை ஏத்தி இறக்கினார். அவர் இப்பவும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்து தூணோரம் உட்கார்றார். போன வருசம் அவரோட பேரனுக்கே காலை வேளையில இடம் கிடைக்கல.

2016இல் எல்.ஆர்.டி. வந்த பிறகு கதை தலைகீழ். கொண்டோ மேல கொண்டோ. யார் குடிவந்தாங்க? பெரும்பாலும் நம்ம பிள்ளைங்கதான். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கூலிம், குளுவாங்னு ஊரை விட்டு வேலைக்கு வந்தவங்க, இங்கேயே கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, "பக்கத்துலயே கோயிலும் இருக்கு, தமிழ்ப்பள்ளியும் இருக்கு"ன்னு வீடு பார்த்தவங்க. தீபாவளிக்கு அவங்க ஊருக்குப் போயிட்டா அந்தக் கொண்டோவுல விளக்கே எரியாது.

அவங்க விட்டுட்டு வந்த ஊர்ல என்ன நிலைமை? அங்கே பள்ளி காலி. 1957இல் இந்த நாட்டில் 800க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்றைக்கு 500 சொச்சம். 150 மாணவர்களுக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளின்னு கல்வி அமைச்சு கணக்கு வைக்குது, அந்தக் கணக்குல நிறைய தமிழ்ப்பள்ளிங்க இருக்கு. அதனால "தமிழ்ப்பள்ளியில பிள்ளையே இல்லையாமே"ன்னு யாராவது சொன்னா கோபம் வருது. பிள்ளை இல்லாம இல்லைங்க. கட்டடம் அங்கே இருக்கு, பிள்ளைங்க இங்கே இருக்காங்க. ஆள் குறைந்த ஒரு பள்ளியோட உரிமத்தை மக்கள் குடியேறின இடத்துக்கு மாத்துறது இந்த நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கு, இன்னும் நடக்கலாம். ஆனா அதுக்கு நிலம் வேணும், அமைச்சு சம்மதிக்கணும், அந்த ஊர்க்காரங்க மனசு நோகாமப் பேசணும். தங்களோட பள்ளியைத் தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

நிலம்னு சொன்னோம்ல, இனிமே சொல்லப் போறது எங்க தப்பு.

நம்ம ஆலயம் முன்னே இருந்த இடத்துல மேம்பாட்டுத் திட்டம் வந்தப்போ எவ்வளவு போராடினோம்! கூட்டம், மனு, பத்திரிகைச் செய்தி. கடைசியில ஆலயத்துக்குத் தனி நிலம், நிலப்பட்டா, கூடவே மண்டபமும் கட்டிக் கொடுத்தாங்க. மாலை போட்டு, போட்டோ எடுத்து, அன்னதானம் வச்சோம். அந்தப் பேச்சுவார்த்தையில எங்களில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். எத்தனை மாடி, எத்தனை வீடு, அதுல எத்தனை பிள்ளை வரும், பக்கத்துப் பள்ளியோட இடம் அதைத் தாங்குமான்னு ஒருத்தரும் வாய் திறக்கல. கோயிலுக்கு என்ன கிடைக்கும்னு மட்டும்தான் பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பழைய வேலிதான் மிஞ்சுச்சு.

அதோட நிக்கல. இரண்டு வருசத்துக்கு முன்னே இன்னொரு கொண்டோ திட்டத்துக்காக ஆலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்படி, சில வகைத் திட்டங்களுக்குப் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்கணும். 21 நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதிக் கொடுத்தா, அவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கணும். நமக்கு நிலப்பட்டா இருக்கு, அதனால அந்த உரிமையும் இருக்கு. வாடகைக்கு இருக்கிற பெற்றோருக்கு அது இல்லை. அந்தக் கடிதம் மலாய்ல இருந்தது, ஆடி மாசம், எல்லாரும் ஓட்டத்துல இருந்தோம். நாதஸ்வரக் குழுவோட ரசீதுகளுக்கு அடியில டிராயருக்குள்ள போயிடுச்சு. கண்டுபிடிச்சப்போ 21 நாள் தாண்டி மூணு மாசம். அந்தக் கட்டடம் இப்போ இருபதாவது மாடியைத் தொட்டுடுச்சு. சாவி கொடுக்கும்போது இன்னும் எத்தனை ஒன்னாம் ஆண்டுப் பிள்ளைங்க வருவாங்களோ.

நாம ஆட்சேபம் சொல்லியிருந்தா நின்னிருக்குமா? நின்னிருக்காதுன்னே வச்சுக்குவோம். "பள்ளிக்கு என்ன வழி?"ங்கிற கேள்வியாவது பதிவாகியிருக்கும். ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. திட்டத்துல பள்ளிக்குன்னு நிலம் ஒதுக்கிட்டா மேம்பாட்டு நிறுவனத்தோட வேலை அநேகமா முடிஞ்சுது. பள்ளியைக் கட்ட அமைச்சோட ஒதுக்கீடு வரணும். அது வர்ற வரைக்கும் அந்த நிலத்துல லாலான்தான் வளரும். வீடு மூணு நாலு வருசத்துல எழும்பிடுது, பள்ளிக்கூடம் அந்த வேகத்துல வர்றதில்லை. அதிலும் ஒதுக்கின நிலம் தமிழ்ப்பள்ளிக்குன்னு தானா ஆகிடாது, கேட்கணும். கேட்க வேண்டிய இடத்துல இருந்தவங்க நாங்க, கேட்கல.

இப்போ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம். மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போடணும், மேடையைப் புதுப்பிக்கணும்னு ஒரு தீர்மானம் இருக்கு. கொட்டேஷன் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல. கல்யாண புக்கிங் கூடும்னு கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனா நாங்க அதைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கப் போறோம். அதுக்குப் பதிலா, பள்ளி நாட்கள்ல காலை 11.30ல இருந்து பிற்பகல் 3 மணி வரைக்கும் மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடணும். மாலை வேளைப் பிள்ளைங்க வந்து உட்கார, காலை வேளைப் பிள்ளைங்க வேன் வர்ற வரைக்கும் காத்திருக்க. தண்ணி ஃபில்டர் ஒன்னு, கூடுதல் கழிப்பறை இரண்டு, பள்ளியோட வேலியில ஒரு சின்ன கேட், பிள்ளைங்க சடக்குல இறங்காம வர. இதுக்கு அந்த ஒரு லட்சத்துல கால்வாசி கூட ஆகாது.

வகுப்பே நடத்தலாமேன்னு சிலர் கேட்டீங்க. அது வேற விசயம். கல்வி இலாகா அனுமதி, தீயணைப்புத் துறை சோதனை எல்லாம் வேணும். அது அவங்க முடிவு. காத்திருக்க இடம் கொடுக்கிறது நம்ம கையில இருக்கு.

மறுப்பு வரும்னு தெரியும். வந்த மறுப்புல ரொம்ப நியாயமானது பாதுகாப்புதான். பிள்ளை கீழே விழுந்தா, யாராவது தெரியாத ஆள் கூட்டிட்டுப் போயிட்டா யார் பொறுப்பு? இதுக்கு எங்ககிட்ட முழுப் பதில் இல்லை. தலைமையாசிரியர்கிட்டயும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கிட்டயும் பேசியிருக்கோம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிள்ளைங்க மட்டும், பேர்ப் பட்டியல் வச்சு, கேட்டுல இரண்டு பேர், உள்ளே இரண்டு பேர், அதுல ஒருத்தர் கட்டாயம் பெண். இதுக்கு மேல என்ன செய்யணும்னு விவரம் தெரிஞ்சவங்க கூட்டத்துல சொல்லுங்க, எழுதிக்கிறோம். ஆள் கிடைக்காத நாள்ல திறக்க மாட்டோம். ஆனா செருப்பு ரேக்குல இப்போ யாருமே பார்த்துக்காம இருக்காங்களே, அது பாதுகாப்பா?

இன்னொன்னு சாப்பாடு. பிள்ளைங்க டப்பாவுல முட்டை இருக்கும், நாசி லெமாக்ல நெத்திலி இருக்கும். ஆலய வளாகம், சைவம்தான், அதுல மாற்றமே இல்லை. ஆனா ஏழு வயசுப் பிள்ளை கையில இருந்து டப்பாவைப் பிடுங்குற வேலையை எங்களால செய்ய முடியாது. சமையல்கட்டு அம்மாங்க ஒரு வழி சொன்னாங்க. பிள்ளைங்க டப்பாவைத் திறக்க வேணாம், நாமளே தினமும் ஒரு கிண்ணம் சுண்டலோ சேமியாவோ கொடுத்திடுவோம்னு. உபயம் பண்ண நாலு குடும்பம் ஏற்கெனவே பேர் கொடுத்தாச்சு. பிறந்தநாள் உபயத்தை இதுக்கு மாத்திக்கிறோம்னு ஒரு தாத்தா சொன்னார்.

கிறிஸ்துவப் பிள்ளைங்களும் அந்தப் பள்ளியில படிக்கிறாங்களேன்னு ஒருத்தர் கேட்டார். ஆமா, படிக்கிறாங்க. மண்டபத்துல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத யாரும் திருநீறு பூசணும்னு இல்லை. இதுக்கு மேல இதைப் பத்திப் பேச எங்களுக்கு விருப்பம் இல்லை.

"இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நாம ஏன்?" நூத்துக்கு நூறு உண்மை. அதனால இன்னொரு தீர்மானமும் கொண்டு வர்றோம். ஆலயத்துக்கு வர்ற அரசாங்கக் கடிதம் எதுவா இருந்தாலும் ஒரே வாரத்துல மலாய் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சு, குழுவுக்குச் சொல்லணும். பக்கத்துல எந்தத் திட்டம் வந்தாலும் பள்ளியைப் பத்தி எழுத்துல கேட்கணும். நம்ம பக்தர்கள்ல வழக்கறிஞர் இருக்கீங்க, நில அளவையாளர் இருக்கீங்க, மாநகர் மன்றத்துல வேலை செய்றவங்களும் இருக்கீங்க. தேர் இழுக்கக் கூப்பிட்டா வர்றீங்க. இதுக்கும் வாங்க.

ஒரு சின்ன விசயம், இதை நம்ம மேலயும் போட்டுக்குவோம். மாலை வேளைப் பள்ளி 6.30க்கு விடுது. வெள்ளிக்கிழமை அதே நேரத்துல நம்ம பூசைக்கு வர்ற காருங்க இரண்டு வரிசையா நிக்குது. பள்ளி வேன் வெளியே வர முடியாம அரை மணி நேரம் ஹாரன் அடிக்குது. பிள்ளைங்க வீட்டுக்குப் போக 7.30 ஆகுது. இந்த வெள்ளியில இருந்து 7 மணி வரைக்கும் பள்ளிப் பக்கம் கார் நிறுத்த வேணாம்னு கேட்டுக்கிறோம். கடை வரிசையில நிறுத்திட்டு நடந்து வந்தா ஐஞ்சு நிமிசம்.

கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு, காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல. ஓட்டுப் போடுற உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும்தான், ஆனா பேச யாரும் வரலாம். பள்ளிப் பெற்றோர்களும் வர்றாங்க. வாரத்துல ஒரு நாள், மூணரை மணி நேரம் மண்டபத்துல இருக்க முடிஞ்சவங்க வாசல்ல இருக்கிற நோட்டுல பேர் எழுதுங்க. வேலை ஓய்வு பெற்றவங்க, இரவு வேலைக்குப் போறவங்க யாரா இருந்தாலும் சரி. இப்போதைக்கு ஒன்பது பேர் இருக்கோம், இருபது பேர் வேணும். வீட்டுல பழைய செருப்பு ரேக் இருந்தா அதையும் சொல்லுங்க. மண்டப வாசலுக்கு இரண்டு தேவைப்படும்.