எங்க குடும்பத்துக்கே கணக்கு வராது!



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து போன் மேல் போன். சிலர் "டீச்சர்" என்கிறீர்கள், சிலர் "அத்தை" என்கிறீர்கள். கேட்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு எந்த குரூப்? பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். "இவளுக்குக் கணக்கு வராது. எங்க குடும்பத்துக்கே வராது." பக்கத்தில் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆசைப்பட்டு வணிகவியலோ வரலாறோ எடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். பயந்து எடுப்பதுதான் வருத்தம். பொறியியல் கவுன்சிலிங் கட்-ஆஃப் 200-இல் 100 கணக்குக்கு. பதினைந்து வயதில் அதை விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் சொல்கிறேன். கணக்கு வராது என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஓர் இடத்தில் சிக்கியவர்கள். அனேகமாகப் பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்றால் நான்கில் ஒன்று என்பார்கள். 4 பெரிய எண் ஆயிற்றே! தோசையைப் பிய்த்துக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். இயற்கணிதம் வந்ததும் எல்லாம் குழம்பிவிடும். அப்போது பிள்ளை "பின்னம் புரியல" என்று சொல்லாது, "எனக்குக் கணக்கு வராது" என்றுதான் சொல்லும். பின்னம் என்றால் உட்கார்ந்து சொல்லித்தரலாம். இதற்கு என்ன செய்வது?

"என் பையன் பிறவியிலேயே மூளைக்காரன்" என்கிறவர்களும் கேளுங்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கரோல் டுவெக், கிளாடியா முல்லர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரைப் புத்திசாலி என்றும் சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து எது வேண்டும் என்றபோது, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ளும்படியான கடினமானதைக் கேட்டார்கள். புத்திசாலிகளில் பலர் சுலபமானதோடு நின்றுகொண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்!

மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு ஒட்டாது. மனசு வைத்த பிள்ளைக்கும் பின்னம் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளையை ஒரு வாரம் என்னிடம் அனுப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பழைய ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.