இண்டர்நெட் நின்றுவிட்டால்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அவிழ்ப்பதில்லை. கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் விவசாயி தலைமடையிலிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வருகிறார். தொழிலில் இத்துணை நிதானமுடைய நம் அங்கத்தினர்கள், வீட்டு இண்டர்நெட் நின்றதும் அந்நிதானத்தை இழப்பது ஏனோ?

அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்ற ஊரில் அங்கத்தினர் ஒருவர், சேலைகளின் படங்களை வீட்டிலிருந்தே வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பி ஆர்டர் பெற்று வந்தார். ஒருநாள் இணைப்பு நின்றது. வீட்டுப் பிள்ளை, ரவுட்டரின் பின்புறமுள்ள 'ரீசெட்' துளையில் ஊசியை விட்டு அழுத்தினான். கம்பெனியார் அதில் பதிந்து வைத்திருந்த பெயர், கடவுச்சொல் யாவும் அழிந்தன. ஆள் வந்து மீண்டும் பதிய மூன்று நாட்களாயின. அதற்குள் ஆர்டர் வேறிடம் சென்றுவிட்டது. விசாரித்ததில், மூல காரணம் மாதச் சந்தா கட்டத் தவறியதே!

பழுது எங்குள்ளதென அறியாதவர், பிறர் சொல்வதை நம்பவும் கேட்ட கூலியைக் கொடுக்கவும் வேண்டியவராகிறார். ஆதலின் வரிசையாகச் சோதிப்பதே உசிதம்.

முதலாவது, வீட்டிலுள்ள மற்றொரு போனில் பார்க்க வேண்டும். அதில் வேலை செய்தால் குறை முதற் போனில்தான். இரண்டாவது, சந்தா பாக்கியுண்டா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிஷம் கழித்துப் போட்டு, சில நிமிஷங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

நான்காவது, விளக்குகளைக் கவனிக்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். கேபிளுக்குள் இருப்பது மயிரிழை போன்ற கண்ணாடி. அது கூர்மையாக மடங்கினாலும், எலி கடித்தாலும் ஒளி தடைப்படும். மடங்கியிருப்பின் மெதுவாக நேராக்கலாம். அறுந்திருப்பின் கம்பெனியார்தாம் இணைக்க வேண்டும். கேபிளைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கண்ணைக் கெடுக்க வல்லது.

இவ்வளவிலும் சரியாகாவிடில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் எண் தருவது கம்பெனியாரின் கடமை. தீர்வு திருப்தி தராவிடில் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். எண் இல்லாத புகார், ரசீது இல்லாத பணம் போன்றதே.

சங்கங்களுக்கு நாம் கூறுவது ஒன்று. அடுத்த பொதுக்குழுவில் கால் மணி நேரம் ஒதுக்கி, அலுவலக ரவுட்டரைக் காட்டியே இவற்றை விளக்குங்கள். இணைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொருவரும் எழுதிப் பத்திரப்படுத்தச் செய்யுங்கள். செலவு ஏதுமில்லை, அடுத்த ஆர்டர் கைநழுவாதிருக்க அது உதவும்.