பாசிமணிக்கு விலை உண்டு, உழைத்த மணிக்கு?

ஊசியும் நூலும் பாசிமணியும் கொண்டு வீட்டிலேயே காதணி கோப்பது, இன்று நகரங்களிலும் சிற்றூர்களிலும் பெண்கள் பலரின் கைத்தொழிலாக இருக்கிறது. இதற்குப் பட்டறை தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை, பெருமுதலும் தேவையில்லை. மெல்லிய ஊசி, நைலான் நூற்கண்டு, சில வண்ணங்களில் பாசிமணிப் பொட்டலங்கள், காதில் மாட்டும் கொக்கிகள் ஆகியவை இருந்தால் போதும்; சாப்பாட்டு மேசையே பணிமேடையாகிவிடும். தொடங்குவது இத்தனை எளிது என்பதாலேயே ஒரு பிழையும் எளிதாக நுழைந்துவிடுகிறது. வாங்கிய பொருளுக்குக் கணக்கு எழுதுபவர்கள், உழைத்த நேரத்திற்குக் கணக்கு எழுதுவதில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். முக்கோண வடிவில் அமைந்து, கீழே சரங்கள் தொங்கும் காதணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஏணிப்படி போல ஒன்றோடொன்று தைப்பது முதல் வரிசை. அவ்வரிசையில் இரு மணிகளுக்கு இடையே தெரியும் நூலில் ஊசியைக் கொடுத்து, அடுத்த வரிசையின் மணியைப் பொருத்த வேண்டும். செங்கல் சுவரில் மேலுள்ள கல், கீழுள்ள இரு கற்களின் நடுவே அமர்வதைப் போல மணிகள் அமர்கின்றன. ஒன்பது, எட்டு, ஏழு எனக் குறைந்து இரண்டில் முடியும்போது முக்கோணம் உருவாகிறது. இதற்கு 44 மணிகள். கொக்கி மாட்டும் வளையத்திற்கு 6 மணிகள். சரத்திற்கு 15 மணிகளாக ஒன்பது சரங்களுக்கு 135 மணிகள். ஆக, ஒரு காதணிக்கு 185. ஓர் இணைக்கு 370. ஏறத்தாழ எல்லா மணிகளின் துளையிலும் ஊசி இருமுறை செல்ல வேண்டியிருப்பதால், ஓர் இணை முடிவதற்குள் 700 முறைக்கு மேல் ஊசி நுழைந்தாக வேண்டும். துளை அடைபட்ட மணிகளையும் அளவு மாறிய மணிகளையும் பொறுக்கி நீக்கும் நேரம் தனி. சிக்கிய நூலைப் பிரிக்கும் நேரமும், ஒரு சரம் நீண்டுவிட்டால் அவிழ்த்துக் கோக்கும் நேரமும் தனி.

இப்போது எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணி, நூல், கொக்கி, அட்டை ஆகியவற்றிற்கு 40 ரூபாய் செலவாகிறது. கோத்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். காதணி 100 ரூபாய்க்கு விற்கிறது. செய்தவர், 60 ரூபாய் லாபம் என்று மகிழ்கிறார். அந்த 60 ரூபாயை இரண்டரை மணி நேரத்திற்குப் பகிர்ந்தால், ஒரு மணி நேரத்திற்கு 24 ரூபாய்தான். அதையும் லாபம் என்று சொல்வதற்கில்லை, அது கூலி. விற்காமல் தங்கும் காதணிகளின் இழப்பும், கடைக்குச் சென்றுவரும் பயணச் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். மணிக்கு 50 ரூபாய் கூலி என்று அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்டிருந்தால், கூலி 125, பொருள் 40, இழப்புக்கும் சில்லறைச் செலவுக்கும் 15 எனக் கூட்டி, 180 ரூபாய்க்குக் குறைவாக விற்க மனம் வந்திராது.

கூலியைக் கணக்கிடாத இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? குஜராத்தின் கச்சு, சௌராஷ்டிரப் பகுதிகளில் ‘மோத்தி பரத்’ எனப்படும் மணிவேலைப்பாடு நெடுங்காலமாக நிலவிவருகிறது. பெண்கள் தம் இல்லங்களுக்கென வாயில் தோரணங்களையும் சுவர் அணிகளையும் மணிகளால் கோத்தார்கள். மகளின் சீர்வரிசையிலும் அவை இடம்பெற்றன. மத்தியப் பிரதேசத்தின் பீல் பழங்குடியினரும் நாகாலாந்தின் பழங்குடியினரும் மணியணிகளைத் தம் அடையாளமாகவே போற்றிவருகின்றனர். இல்லத்திற்கும் உறவுக்கும் உரிய பொருளாக இருந்தவரை அந்த உழைப்புக்கு விலை குறிக்க வேண்டிய தேவை எழவில்லை, அது முறையே. ஆனால் அதே வேலைப்பாடு சந்தைக்கு வந்தபோது, நேரத்தை எண்ணாத பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே’ என்று பிறர் கூறுவதை, செய்பவரும் நம்பத் தொடங்கிவிடுகிறார்.

வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளரே என்ற கருத்து புதியதன்று. 1972-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு இதைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தது. 1996-ஆம் ஆண்டு சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வீட்டுவழி வேலைக்கெனத் தனி உடன்படிக்கையையே நிறைவேற்றியது. சட்டமும் சங்கமும் சொல்வதை, உழைப்பவரின் கணக்கேடும் சொல்ல வேண்டும்.

விலையை உயர்த்தினால் வாங்குபவர் விலகிவிடமாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. இயந்திரத்தில் வார்த்த காதணிகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது கைவேலை அவற்றோடு விலையில் போட்டியிட இயலாது, போட்டியிடவும் கூடாது. சேலையின் நிறத்திற்கேற்ப மணியைத் தேர்ந்து தருதல், சரம் அறுந்தால் பழுது நீக்கித் தருதல், ஒவ்வாமை உடையோருக்கு நிக்கல் கலவாத கொக்கி பொருத்துதல் ஆகியவை கைவேலையால் தரக்கூடிய மதிப்பு. அப்படியும் ஒரு வடிவம் உரிய விலைக்கு விற்கவில்லை என்றால், சரங்களைக் குறைத்து ஒரு மணி நேரத்தில் முடியும் எளிய வடிவத்தைச் செய்யலாம். எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பதற்கும் நேரக்கணக்கே துணை. மகிழ்ச்சிக்காகக் கோப்பவருக்கு இக்கணக்கு எதுவும் தேவையில்லை. வருவாய்க்காகக் கோப்பவருக்கு இது இன்றியமையாதது.

வங்கியின் துணையும் இங்குதான் பொருள் பெறுகிறது. குடும்பச் செலவோடு கலவாமல் தொழிலுக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நன்று. விற்பனைத் தொகை யுபிஐ வழியே அக்கணக்கில் சேரட்டும்; பொருள் வாங்கும் செலவும் அதிலிருந்தே செல்லட்டும். மாதந்தோறும் கூலியாக ஒரு தொகையைத் தம் சொந்தச் சேமிப்புக்கு மாற்றிக்கொண்டபின் எஞ்சுவதே உண்மையான லாபம். 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. 1992-இல் நபார்டு வங்கி தொடங்கிவைத்த திட்டத்தின் வழியே மகளிர் சுயஉதவிக் குழுக்களும் வங்கிக் கடன் பெற்றுவருகின்றன. ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கூலியைக் கணக்கிடாத தொழில் கடன் வாங்கி விரிந்தால், விரிவது இழப்பே. அப்போது தவணைத் தொகை, தூக்கத்தைக் குறைத்துச் செய்யும் கூலியற்ற உழைப்பிலிருந்துதான் செல்லும்.

இக்கட்டுரையை வாசிப்போரில் கோப்பவர்களைவிட வாங்குபவர்களே மிகுதி. கண்காட்சியிலோ அண்டை வீட்டிலோ கைவேலைக் காதணியைக் கையில் எடுக்கும்போது, விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன் ‘இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல நேர்ந்தால், செய்தவரும் தம் நேரத்தை எண்ணத் தொடங்குவார். கோப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த காதணியைத் தொடங்கும்போது, பாசிமணிப் பொட்டலத்தின் விலையைக் குறிக்கும் அதே ஏட்டில், ஊசியில் நூல் கோத்த நேரத்தையும் குறித்துவையுங்கள்.