சுற்றுலான்னா தூரமாத்தான் போகணுமா?



சுற்றுலா என்றதும் எல்லார் வாயிலும் ஊட்டி, கொடைக்கானல்தான் வருது. 1848-ல் உருவான ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று பணம் ஏறும்போது, கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் "எனக்கு பஸ் ஒத்துக்காது"ன்னு ஏதோ சொல்லி விலகிடறாங்க. பாதிப் பேர் வீட்டில் இருந்தால் அது எப்படி வகுப்புச் சுற்றுலா ஆகும்?

என் கருத்து இதுதான். ரிஷிவந்தியத்தில் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி ஒரு நாள் போவோம். எல்லாரும் போவோம்.

முதலில் ஜம்பை. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானைப் பாடத்தில் படிச்சிருக்கோம். அவர் பெயர் வெட்டிய தமிழ்ப் பிராமி கல்வெட்டு அங்கே ஒரு குகையில் இருக்கு. 1981-ல் கண்டுபிடித்தார்கள். அதியமான் கொடுத்த குகைத் தங்குமிடம் என்பதுதான் அதன் செய்தி. அதில் வரும் 'சதியபுதோ' என்ற சொல், அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று காட்டிக் கொடுத்தது.

அடுத்து திருக்கோவிலூர். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால் அதற்குள் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போயிடணும். பாரி மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டு கபிலர் தீயில் இறங்கியதை ராஜராஜன் காலக் கல்வெட்டு அங்கே சொல்லுது. அப்புறம் தென்பெண்ணைக் கரையில் மர நிழலில் கட்டுச்சோறு. ஆற்றில் நிற்கும் கபிலர் குன்றை நிதானமா பார்க்கலாம், வரையலாம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது கரை மீறிய ஆறு அது. அதனால் மழைக்காலத்தில் வேண்டாம், தண்ணியிலும் இறங்க வேண்டாம்.

பூங்கா எங்கேன்னு கேட்பீங்க. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை இருக்கு, கல்வராயன் மலை அடிவாரமும் இருக்கு. அதுக்கு இன்னொரு நாள். ஒரே நாளில் ஏழெட்டு இடம் ஓடினால் பஸ் சீட்டுதான் ஞாபகம் இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பாறையில் யாரும் பெயர் கிறுக்கக் கூடாது. இரண்டாயிரம் வருஷம் தாங்கிய எழுத்து ஒரு ஆணிக் கீறலில் கெட்டுப் போகும்.

ஆசிரியர்களே, இந்த வருஷம் இதை யோசிப்பீங்களா? நண்பர்களே, உங்க கருத்தை அடுத்த தாளில் எழுதுங்க!

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி