மழைக்கணக்கைத் திருத்துவது யார்?



வானிலைக் கணிப்பு தப்பினால் கேலி செய்கிறோம் (நானும்தான்!). காற்று, வெயில், ஈரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கணினி எழுதும் விடைத்தாள் அது. திருத்துவது செயற்கைக்கோள்.

அமெரிக்காவும் ஜப்பானும் 1997ல் ஏவிய டிஆர்எம்எம், வெப்பமண்டல மழையை விண்ணிலிருந்தே ரேடாரால் அளந்தது. ஒப்பிட்டால், நிலத்தில் பெரும்பாலும் மாலையில் கொட்டும் மழையை, பல கணினிக் கணக்குகள் உச்சிவெயிலிலேயே பெய்யவைத்திருந்தன! தரை சூடானதும் மழை என முடிவு கட்டிவிட்டது கணினி. மேகம் திரண்டு உயர நேரமாகுமே! அன்றைய மொத்த மழையளவு சரியாக வந்தாலும், வழிமுறை தப்பென்றால் கணக்கு வாத்தியார் விடுவாரா?

நீங்கள் தாத்தா பாட்டியாகும் காலத்து மழையையும் இப்படிப்பட்ட கணக்குகள்தான் சொல்கின்றன. டிஆர்எம்எம் 2015ல் ஓய்வு பெற்றது. 2014ல் ஏவிய ஜிபிஎம் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறது.